101-க்கு அடிச்சா யாரு வருவாங்க?



தீயணைப்பு வண்டின்னு பேச்செடுத்தாலே நம்ம குழுப் பெண்கள் மத்தியில ரெண்டு சந்தேகம்தான் முதல்ல வருது. கூப்பிட்டா காசு கேப்பாங்களா? நம்ம சந்துக்குள்ள அவ்வளவு பெரிய வண்டி நுழையுமா? முதல் கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடறோம். தீயை அணைக்கவும் உயிரைக் காப்பாத்தவும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. ரெண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால தீ வண்டியையும் மாநகராட்சிதான் அனுப்புதுன்னு பலர் நினைக்கிறோம். மும்பையில் அப்படித்தான், அங்கே தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கு. நம்ம மாநிலத்தில் அது அரசின் உள்துறைக்குக் கீழே வரும் தனித்துறை. பெயர், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ஆகவே வீடு பத்திக்கிட்டா கவுன்சிலரைத் தேடி ஓட வேண்டாம். நேரா 101, இல்லாட்டி 112.

துறைத் தலைவர் இயக்குநர். அவருக்குக் கீழே மண்டலத்துக்குத் துணை இயக்குநர், மாவட்டத்துக்கு மாவட்ட அலுவலர், அவருக்கு உதவியாக உதவி மாவட்ட அலுவலர். இவங்களை நாம் அதிகம் பார்க்கப் போறதில்லை. நமக்கு வேண்டியவர் நிலைய அலுவலர். தல்லாகுளம், அனுப்பானடி மாதிரி ஒவ்வொரு நிலையத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அவரோட முன்னணித் தீயணைப்பாளர், ஓட்டுநர், தீயணைப்பாளர்கள் இருப்பாங்க. மணி அடிச்சா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வெச்சுட்டு வண்டியில ஏறணும்.

வழக்கமா வர்ற வண்டி சுமார் 4,500 லிட்டர் தண்ணியோட வரும். கேட்க நிறையத் தெரியுது, ஆனா முழு வேகத்துல பீச்சினா சில நிமிஷத்துல காலி. அதுக்குப் பின்னால பெரிய தண்ணி லாரி வரும். அதுவும் தீர்ந்தா பக்கத்துல இருக்கிற கண்மாய், ஊருணியில குழாயைப் போட்டு உறிஞ்சுவாங்க. இங்கே ஒரு விஷயம். தண்ணி சுமார் 7 மீட்டருக்குக் கீழே போயிருந்தா வண்டியின் பம்பால உறிஞ்ச முடியாது. நம்ம பக்கத்துக் கோடைக்காலக் கிணறுகள் பலதும் அதுக்கு உதவாது. தண்ணி கிடக்கிற கண்மாய் எது, மோட்டார் ஓடுற பம்புசெட் எதுன்னு வண்டி வந்ததும் சொல்ல ஊர்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். ஆம்பளைங்க வேலைக்குப் போன பகல் நேரத்துல அந்த ஒருத்தர் நாமாத்தான் இருப்போம்.

எண்ணெய், பெட்ரோல் தீக்கு நுரை பீச்சுவாங்க. புகைக்குள்ள போக, முதுகுல காற்று உருளையும் முகமூடியும் மாட்டுவாங்க. கம்பியை, தகரத்தை வெட்டுற கருவி, கயிறு, ஏணி எல்லாம் உண்டு. சென்னை மாதிரி பெருநகரத்துல உயர்ந்த மாடிகளுக்கு எட்டுற ராட்சத ஏணி வண்டியே இருக்கு. ஆனா ஏணி எவ்வளவு உயரமானாலும் தெரு அகலமா இருந்தால்தானே நிறுத்த முடியும்?

மதுரையில் அந்தக் கஷ்டம் நல்லாத் தெரியும். 2020 தீபாவளியன்று அதிகாலை, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடிச்சது. அணைச்சுக்கிட்டு இருக்கும்போதே பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து, தீயணைப்பு வீரர்கள் ரெண்டு பேர் செத்துப் போனாங்க. நாமெல்லாம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க எழுந்திரிச்ச நேரம் அது.

சந்துக்குள்ள வண்டி நுழையலைன்னா அதை மெயின் ரோட்டுல நிறுத்திட்டு, ஓஸ் குழாயை ஒண்ணோட ஒண்ணா மாட்டி இழுத்துக்கிட்டு வருவாங்க. வழியில நிக்கிற பைக், கொட்டியிருக்கிற மணல், ஜல்லி எல்லாத்தையும் அதுக்குள்ள நாமதான் ஒதுக்கித் தரணும்.

வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு மாதிரி இடத்துல பிடிக்கிற தீ வேற ரகம். மேலே அணைஞ்ச மாதிரி தெரியும், அடியில கங்கு கனன்றுக்கிட்டே இருக்கும். குப்பை மக்கும்போது வர்ற வாயுவே அதுக்கு எரிபொருள். தண்ணி மட்டும் ஊத்தினாப் பத்தாது, ஜேசிபியால கிளறிக் கிளறி நனைச்சு, மண்ணைப் போட்டு மூடணும். அதான் நாள் கணக்கா புகையுது.

நம்ம விமான நிலையத்துல நிக்கிற தீ வண்டிகள் இந்தத் துறையைச் சேர்ந்தது இல்லை. அது விமான நிலைய ஆணையத்தோட சொந்தப் படை. ஓடுபாதையில எங்கே விபத்துன்னாலும் 3 நிமிஷத்துக்குள்ள போய்ச் சேரணும்கிறது உலக அளவிலான விதி.

மாடு கிணத்துல விழுந்தாலும், வீட்டுக்குள்ள பாம்பு புகுந்தாலும் இதே 101 தான். பாழுங்கிணத்துல மயங்கி விழுந்தவரைத் தூக்க இன்னொருத்தர் இறங்கி, அவரும் சாகிற கொடுமை திரும்பத் திரும்ப நடக்குது. அடியில விஷவாயு இருக்கும். காற்று உருளை மாட்டியவங்கதான் இறங்கணும். பெத்த மகனே உள்ளே கிடந்தாலும் வீட்டுல இருக்கிற மத்தவங்களை இறங்க விடாதீங்க.

இது ஆம்பளைங்க வேலைன்னு நினைக்கிற தோழிகளுக்கு ஒரு சேதி. பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ரெண்டு பேரும் 2003-ல் இந்தத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தாங்க. 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத் தீயில் பிரியாவுக்குக் கடுமையான தீக்காயம். குணமாகித் திரும்பவும் வேலைக்கு வந்தாங்க.

போன் பண்ணும்போது பதறாம நாலு விஷயம் சொல்லணும்: எரியுறது என்ன, எந்த ஊர், பக்கத்துல என்ன அடையாளம், உள்ளே ஆள் இருக்கா. "அவனியாபுரம்"னு மட்டும் சொன்னாப் போதாது. கோயில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. அவங்களா வைக்கிற வரைக்கும் போனை வைக்காதீங்க. முடிஞ்சா ஒருத்தர் மெயின் ரோட்டுக்குப் போய் நின்னு கை காட்டட்டும். கேஸ் கசிவு மட்டும்னா 1906 என்ற தனி எண்ணும் இருக்கு.

கடைசியா, பலர் விட்டுடற ஒரு வேலை. தீ அணைஞ்ச பிறகு நிலைய அலுவலரிடம் மனு கொடுத்துத் தீ விபத்துச் சான்று வாங்கிக்கோங்க. காப்பீடு போட்டிருந்தா இது கேப்பாங்க. குடிசை எரிஞ்சதுக்கு அரசு நிவாரணம் தர்றது தீயணைப்புத் துறை இல்லை, வருவாய்த் துறை. அதுக்கு வி.ஏ.ஓ.வையும் தாசில்தாரையும் பார்க்கணும். ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், குழுவோட தீர்மான நோட்டு எரிஞ்சிருந்தா அதையெல்லாம் ஒண்ணு விடாம மனுவிலேயே எழுதுங்க.