திருமணத்துக்குச் சாட்சி சொல்லும் மொய் நோட்டு

குடும்ப வரலாற்றில் பிறப்பையும் இறப்பையும் பதிவேடுகளில் தேடலாம். திருமணம் அவ்வளவு எளிதில் அகப்படாது. காரியாபட்டிப் பக்கம் தாத்தா பாட்டியின் கல்யாணத் தேதியைத் தேடுகிறவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான் நினைக்கிறார்கள். பழைய திருமணம் அங்கே பதிவாகியிருக்க வாய்ப்பு குறைவு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பதிவுக்கு வழி செய்தாலும், பதியாத திருமணமும் செல்லும் என்று 8ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. எல்லா மதத்தினருக்கும் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவேடு இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மற்றவர்கள் முதலில் தேட வேண்டியது வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மொய் நோட்டை என்பதே என் கருத்து.

மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால்தான் அந்த நோட்டை நம்பலாம். விசேஷம் நடந்த அன்றே, பணம் கொடுத்தவர் எதிரே நிற்க, அவர் சொல்லச் சொல்ல எழுதியது அது. பெயரோ தொகையோ பிசகினால் அடுத்த விசேஷத்தில் வம்பு வரும் என்பதால் இரு தரப்புக்குமே அது சரியாக இருந்தாக வேண்டும். அரசுப் பதிவேட்டில் மணமக்களோடு சாட்சிகள் சிலர்தான் இருப்பார்கள். மொய் நோட்டில் ஒரு குடும்பத்தின் உறவு வட்டமே இருக்கும். மல்லாங்கிணறு, ஆவியூர், முடுக்கன்குளம் என்று ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தால், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்பதற்குத் துப்பு கிடைக்கும். தொடர்பே தெரியாத ஓர் ஊரிலிருந்து பலர் மொய் செய்திருக்கிறார்களா? நம் குடும்பத்துப் பெண் யாராவது அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாரா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காதுகுத்துக்கும் மொய் உண்டே, பெண்ணின் பெயர் இருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொய் நோட்டு தனியாக நின்று எல்லாவற்றையும் நிரூபிக்காது. தேதியையும் உறவையும் அது தரும், மற்றதைப் பத்திரங்களிலிருந்தும் அழைப்பிதழிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரு கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் மகள்’ என்றிருந்த பெண் அடுத்த பத்திரத்தில் ‘இன்னார் மனைவி’ என்று வந்தால், திருமணம் அந்த இரண்டு பத்திரங்களின் தேதிகளுக்கு இடையில் நடந்திருக்கலாம். அழைப்பிதழில் ‘விளம்பி ஆண்டு’ என்று மட்டும் இருந்தால் அது 1898ஆ, 1958ஆ, 2018ஆ என்ற குழப்பம் வரும். கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் தெளிந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கென்றே இன்னொரு வழியும் உண்டு. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சியில் வந்த 1967ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத் திருத்தம்தான் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. புரோகிதர் இல்லாத அந்தத் திருமணங்களைப் பற்றிய செய்திகள் ‘குடி அரசு’ இதழில் வெளிவந்தன. சுயமரியாதை இயக்கக் குடும்பத்தினர் அந்தப் பழைய இதழ்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கணக்குத் தீர்ந்தது என்று பழைய மொய் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அதிலுள்ளவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.