சேரிக்குப் பள்ளி கொடுத்த குடும்பம்

ஏலகிரி மலையின் அடிவாரம் பொன்னேரி. அங்கிருந்து ஜோலார்பேட்டை ரயில் நிலையம் பக்கம்தான். காலையில் காட்பாடி பக்கம் போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள். வாணியம்பாடியில் கொஞ்சம் பேர், ஆம்பூரில் கொஞ்சம் பேர், குடியாத்தத்தில் இன்னும் கொஞ்சம் பேர் ஏறுவார்கள். பலருடைய கையில் எக்ஸ்ரே கவரும் துணிப்பையும் இருக்கும். டேனரியில் வேலை செய்து தோலில் புண் வந்தவர், ஷூ கம்பெனியில் உட்கார்ந்து தைத்து முதுகு போனவர், பேறுகாலத்துக்கு மகளைக் கூட்டிப்போகும் தாய் என்று எல்லோருக்கும் போகுமிடம் ஒன்றுதான். வேலூர் சி.எம்.சி. அது இருக்கும் சாலைக்கு ஐடா ஸ்கடர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐடா ஸ்கடரை மருத்துவராக எல்லோருக்கும் தெரியும். அவருடைய குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த மாவட்டத்துச் சேரிகளில் பள்ளிக்கூடம் வைத்த கதை அவ்வளவாகத் தெரியாது. நம் பாட்டன் பூட்டன் எழுத்துப் படித்த கதை அதற்குள் இருப்பதால் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாத்தா காலம்

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்துவந்தவர். 1819-இல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான் என்கிறார்கள். பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார், பள்ளிகள் வைத்தார், தமிழ் கற்றார். 1836-இல் சென்னைக்கு மாறினார். பிள்ளைகள் இங்கேயே பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்தார்கள்.

அவருடைய மகன்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் சேர்ந்து 1853-இல் ஆற்காடு மிஷனை முறைப்படி தொடங்கினார்கள். ஆற்காடு, வேலூர், சித்தூர், ஆரணி, ராணிப்பேட்டை என்று வேலை பரவியது. இன்னொரு மகன் சைலஸ் 1866-இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். இன்று ஸ்கடர் நினைவு மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான். அந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் வேலை செய்திருக்கிறார்கள்.

கோயிலே பள்ளிக்கூடம்

அந்தக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் சேரிப் பிள்ளை ஏற முடியாது. அரசாங்கப் பள்ளி என்று பெயர் இருந்தாலும் அது அக்கிரகாரத்திலோ ஊர்த் தெருவிலோ இருக்கும். அந்தத் தெருவில் நடக்கவே நமக்கு வழியில்லை. ஆகவே பள்ளி சேரிக்குள் வந்தால்தான் படிப்பு.

மிஷன் செய்தது அதைத்தான். சேரியில் ஒரு கூரைக்கொட்டகை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். உபதேசியாரே வாத்தியார். பகலில் பிள்ளைகள் மாடு மேய்க்கவும் பண்ணை வேலைக்கும் போய்விட்டால், இரவில் விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுப்பார். நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் போர்டிங் பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கே சோறும் துணியும் கிடைக்கும். படித்து முடித்தவர் வேறொரு சேரிக்கு வாத்தியாராகப் போவார். இப்படி ஒரு சேரி இன்னொரு சேரிக்கு எழுத்துக் கொடுத்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது மிஷனைத் தேடி வந்த சேரிகள் ஏராளம். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்று அதைக் கேலி பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றாதவர்கள் அந்தக் கேலியைப் பேசக்கூடாது. கஞ்சி பஞ்சத்தோடு நின்றது, பள்ளிக்கூடம் நிற்கவில்லை என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். சாதியை விடமாட்டேன் என்பவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று ஆற்காடு மிஷன் கண்டிப்பாக இருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. அதனால் ஊர்க்காரர்களில் பலர் விலகினார்கள், சேரிக்காரர்கள் தங்கினார்கள். சபை சேரியின் சபையானது.

மூன்று கதவு தட்டல்கள்

ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவர்தான். படிப்புக்காக அமெரிக்கா போன ஐடாவுக்கு இந்தியா திரும்பி ஊழியம் செய்யும் எண்ணமே இல்லை. உடல்நலமில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா வந்து பார்ப்பார் என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார்.

இந்தக் கதையைச் சேரியிலிருந்து கேட்கும்போது இன்னொன்றும் தோன்றும். அந்த மூன்று வீடுகளுக்காவது கதவைத் தட்ட ஒரு பங்களா இருந்தது. சேரியில் பிரசவத்தில் இறந்த பெண்களுக்காக யார் கதவை யார் தட்டியிருப்பார்கள்?

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூர் வந்தார் ஐடா. அப்பாவின் பங்களாவில் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. வீட்டில் வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்தான் அவருக்கு முதல் துணை. ஐடா சொல்லிக்கொடுக்க, சலோமி கட்டுப்போடவும் மருந்து கொடுக்கவும் கற்றுக்கொண்டார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. வர முடியாதவர்களைத் தேடி ஐடா குடியாத்தம் சாலையில் போனார். மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909-இல் இதற்காக ஒரு பெஜோ கார் வந்தது. மரத்தடியில் ஊருக்கு ஒரு வரிசை, சேரிக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ள முடியாது.

தேறிய 14 பேர்

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஐடா கேட்டபோது, மூன்று பேர் சேர்ந்தாலே அதிசயம் என்றார் அன்றைய அரசு மருத்துவத் துறைத் தலைவர். 1918 ஆகஸ்ட் 12-இல் பள்ளி 17 மாணவிகளோடு திறந்தது. ஆண்களே ஐந்தில் ஒருவர்தான் தேறும் அந்தத் தேர்வில், முதல் ஆண்டு எழுதிய 14 மாணவிகளும் தேறினார்கள். 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஐடாவின் அண்ணன்களின் பிள்ளைகள் தலைமுறையிலிருந்தும் டாக்டர்கள் வந்தார்கள். ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.

நம் பங்கு

ஸ்கடர் குடும்பத்தைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. மிஷன் காம்பவுண்டுக்குள் வெள்ளைக்காரர் பங்களாவில் இருந்தார், நம் வாத்தியார் கூரைவீட்டில் இருந்தார். நிர்வாகம் நம்மவர் கைக்கு வர மிகவும் தாமதமானது. இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதோடு, கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமா? கொட்டகை போட மூங்கிலும் ஓலையும் கொடுத்தது சேரி. வாத்தியாருக்கு அரிசி அளந்தது சேரி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பண்ணையார் அடிப்பார், கூலியை நிறுத்துவார் என்று தெரிந்தும் அனுப்பியது சேரி. ஐடாவுக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது, சாலை இருக்கிறது, பள்ளி இருக்கிறது. பக்கத்துச் சேரியிலிருந்து நடந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் நம் பாட்டனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயர் எத்தனை ஊர்களில் கல்லில் இருக்கிறது?

இன்று நிற்கும் கேள்வி

அப்படிப் படித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு சான்றிதழ் முன்னால் நிற்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகையிலும் விடுதியிலும் மதம் மாறியவர்களுக்கு இடம் உண்டு. இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதி இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது.

ஒரே காலனியில், ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்கள். ஊரில் இரண்டு பேரையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் மட்டும் ஒருவர் பட்டியல் சாதி, இன்னொருவர் பிற்படுத்தப்பட்டவர். இந்த மத நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022-இல் மத்திய அரசு இதை ஆராய கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஆணையாக மாறுவது டெல்லியின் கையில் இருக்கிறது.

ஒரு குடும்பம் மனது வைத்ததால் நூறு வருடத்துக்கு முன் சேரிக்குப் பள்ளி வந்தது. எல்லாக் காலத்திலும் எல்லாச் சேரிக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்க்காது. அதனால்தான் பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்தபோது போராடி, பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகையை 1944-இல் அரசுத் திட்டமாகக் கொண்டுவரச் செய்தார். யாரும் மனது வைக்காவிட்டாலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

நம்மால் உடனே செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. உங்கள் காலனியில் முதலில் பள்ளி வைத்த வாத்தியார் யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். காலனியில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை, அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு எழுதப்போகும் பிள்ளையோடு வாரம் ஒரு மாலை உட்காரட்டும். அந்த வாத்தியார்கள் ஒரு சேரியிலிருந்து இன்னொரு சேரிக்குச் செய்ததும் அதுதானே.