ஜாப்ளினில் நொறுங்கிய ஹெலிகாப்டரும் நின்றுபோன ஜெனரேட்டரும்

ஜாப்ளின் டொர்னேடோ பற்றி இணையத்தில் தேடினால் அந்த ஹெலிகாப்டர் படம் எப்படியும் கண்ணில் படும். பின்னால் ஒன்பது மாடி ஆஸ்பத்திரி, ஜன்னல் இருந்த இடமெல்லாம் கறுப்பு ஓட்டை. முன்னால் யாரோ மிதித்துப் போட்ட தகர டப்பா மாதிரி ஆஸ்பத்திரியின் மருத்துவ ஹெலிகாப்டர். நானும் முதலில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, பார்க்க வேண்டியது வேறொரு இயந்திரம் என்று புரிந்தது. அதை யாரும் பெரிசா படம் எடுக்கவில்லை.

முதலில் ஒரு வார்த்தைப் பிரச்சினை. டொர்னேடோவைத் தமிழில் சூறாவளி என்று எழுதுவார்கள். ஆனா சூறாவளின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது வங்கக்கடல் புயல். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், வருவது சில நாள் முன்னாடியே தெரியும். டொர்னேடோ இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான், ஆயுள் சில நிமிடங்கள். எச்சரிக்கை அரை மணி நேரம் முன்னாடி கிடைச்சாலே அதிர்ஷ்டம். அதனால் டொர்னேடோ என்றே எழுதுகிறேன்.

ஜாப்ளின், மிசூரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சுமார் 50,000 பேர் வாழும் ஊர். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.11-க்கு முதல் சைரன். அந்தப் பக்கத்து ஊர்களில் சைரன் அடிக்கடி ஊதும், பல தடவை ஒன்றும் ஆகாது. அதனால் நிறையப் பேர் கண்டுக்கவில்லை என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரியவந்தது. 5.38-க்கு இரண்டாவது சைரன். 5.41 வாக்கில் டொர்னேடோ செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியை அடித்தது. மழைத்திரைக்குள் மறைந்து வந்ததால் பலருக்கு அது டொர்னேடோ என்றே தெரியவில்லை. அதிகபட்ச அகலம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், காற்று மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டியது. அளவுகோலின் உச்சமான இ.எஃப்-5. சுமார் 160 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 8,000 கட்டடங்கள் சேதம். அமெரிக்காவில் ஒரே டொர்னேடோவில் நூறு பேருக்கு மேல் இறந்தது 1953-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஹெலிகாப்டர் ஏன் தப்பவில்லை? பறக்க வேண்டிய வண்டி என்பதால் எடை குறைவாகத்தான் கட்டுவார்கள். மருத்துவ ஹெலிகாப்டர் பொதுவாக இரண்டு மூன்று டன் இருக்கும். உள்ளே ஸ்ட்ரெச்சர் போக வேண்டுமே, அதனால் பக்கவாட்டுப் பரப்பு அதிகம். நிறுத்தி வைக்கும்போது விசிறி இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டுவது வழக்கம், ஆனால் அது சாதாரணப் பலத்த காற்றுக்கான கட்டு. காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றோடு ஒப்பிட்டால் 320 கிலோமீட்டர் காற்றின் வேகம் ஐந்து மடங்கு சொச்சம், தள்ளும் விசை 28 மடங்கு. அதே வளாகத்தில் தரையோடு கம்பி போட்டுப் பொருத்தியிருந்த, நூறு கிலோவுக்கும் மேலான கான்கிரீட் பார்க்கிங் கட்டைகளே பிடுங்கி எறியப்பட்டன. ஹெலிகாப்டர் எம்மாத்திரம்!

சரி, முன்கூட்டியே பறந்து போயிருக்கலாமே? அந்த மாதிரி இடிமேகத்துக்குக் கீழே ஆலங்கட்டி, கீழ்நோக்கி அடிக்கும் காற்று, எதிரே ஒன்றும் தெரியாத மழை. அதுக்குள்ள கிளம்புவது தற்கொலை. மறைவான இடத்திலும் நிறுத்த முடியாது, இறங்கி ஏற நாலு பக்கமும் திறந்த வெளி வேணும். அதன் வேலைக்குத் தேவையான எல்லாமே அன்றைக்கு அதற்கு எதிராகப் போனது.

இப்போ அந்த இன்னொரு இயந்திரம். ஆஸ்பத்திரியில் அப்போது 183 நோயாளிகள் இருந்தார்கள். "கண்டிஷன் கிரே" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் ஊழியர்கள் முடிந்தவரை நோயாளிகளை ஜன்னல் பக்கத்திலிருந்து நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காற்று அடித்து முடித்தபோது கட்டடத்தின் எலும்புக்கூடு, அதாவது கான்கிரீட் தூண்களும் தளங்களும், நின்றுகொண்டுதான் இருந்தது. கண்ணாடி, கூரை, உள்சுவர், குழாய் எல்லாம் போச்சு. மின்சாரம் போச்சு. அந்த நேரத்துக்காகவே வைத்திருந்த ஜெனரேட்டரும் போச்சு. அது பிரதான கட்டடத்துக்கு வெளியே, காற்று நேராகத் தாக்கும் இடத்தில் இருந்தது. அன்று வெளியான கணக்கின்படி வென்டிலேட்டரில் இருந்த ஐந்து நோயாளிகள் இறந்தார்கள். பலத்துக்குக் கட்டியது கட்டடத்தைத்தான், அதன் மூச்சை வெளியே ஒரு சாதாரண ஷெட் மாதிரி வைத்திருந்தார்கள் என்பது என் வாசிப்பு.

ஹெலிகாப்டர் தப்பியிருந்தால்கூட ஒரு தடவைக்கு ஒருவரை, மிஞ்சினால் இருவரைத்தான் கொண்டுபோயிருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மோசமான ஒரு கேஸைச் சீக்கிரம் அனுப்ப அது மிகவும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அன்று ஊரில் காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 183 பேரையும் ஊழியர்களும் வந்து சேர்ந்த பொதுமக்களும் இருட்டில், கேஸ் வாடைக்கு நடுவே, படிக்கட்டு வழியாக 90 நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் போதாமல் கதவுகளில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தில் ஏற்றி, கூப்பிடு தூரத்தில் தப்பியிருந்த ஃப்ரீமன் ஆஸ்பத்திரிக்கும் ஊரின் மெமோரியல் ஹாலுக்கும் கொண்டுபோனார்கள்.

எனக்குப் பிடித்த விவரம் ஒன்று. மனநலப் பிரிவின் ஜன்னல்கள் மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நோயாளிகள் உடைத்துக் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று அங்கே அடுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். டொர்னேடோவை யாரும் நினைத்துப் போட்டதல்ல.

பழைய கட்டடத்தை 2012-இல் இடித்தார்கள். 2015 மார்ச்சில் வேறு இடத்தில் மெர்சி ஆஸ்பத்திரி திறந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல்கள் மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஜெனரேட்டர் உள்ள மின்நிலையம் தனியாக, பாதி மண்ணுக்குள், சுரங்கவழியாக ஆஸ்பத்திரியோடு இணைந்திருக்கிறது.

இதையே எல்லாரும் செய்யலாமே என்று தோன்றும். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்கள் பத்திரமாக 13-வது மாடியில் இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்ப் அடித்தளத்தில். கடல் தண்ணீர் புகுந்து பம்ப் மூழ்கியது. ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரியையே காலி செய்ய வேண்டியதாச்சு. காற்றுக்குப் பயந்தால் கீழே போகணும், தண்ணீருக்குப் பயந்தால் மேலே போகணும். எந்த ஊர் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் ஜெனரேட்டருக்கு இடம் பார்க்க முடியும்.

ஜாப்ளினை ஆராய்ந்த அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் கட்டட விதிகளில் டொர்னேடோவையும் சேர்க்கச் சொன்னது. ஆஸ்பத்திரி போன்ற முக்கியக் கட்டடங்களுக்கு டொர்னேடோ விசையைக் கணக்கிடும் அத்தியாயம் அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஏ.எஸ்.சி.இ. 7 விதிநூலில் முதல் முறையாக வந்தது 2022 பதிப்பில், அதாவது சம்பவம் நடந்து பத்து வருஷத்துக்குப் பிறகு. அதுவும் பெரும்பாலும் இ.எஃப்-2 வரைக்குமான வேகங்களுக்குத்தான். டொர்னேடோக்களில் மிகப் பெரும்பான்மை அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஜாப்ளினுக்கு வந்தது அடங்காது.