லூப்பர்

லூப்பர் என்பது இசைக்கலைஞர் வாசிக்கும் ஒரு பகுதியைப் பதிவுசெய்து, அதனை இடைவிடாது திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவி ஆகும். இது பெரும்பாலும் பெடல் வடிவில், காலால் இயக்கத்தக்கதாக அமைந்திருக்கும். ஒரு சுழற்சியின் மேல் வேறு வாசிப்புகளை அடுக்குவதன் மூலம், தனியொருவரே மேடையில் குழுவிசைக்கு நிகரான ஒலியை உருவாக்க இயலும்.

வரலாறு

இம்முறை ஒலிநாடாவிலிருந்து தோன்றியது. 1960களில் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளை இணைத்து இவ்வாறு இசைத்தார். 1973 இல் ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோ ஆகியோர் வெளியிட்ட இசைத்தொகுப்பிலும் இம்முறை கையாளப்பட்டது. இரு கருவிகளுக்கு இடையே நாடா கடக்கும் தூரமும் அதன் வேகமும் சுழற்சியின் நீளத்தைத் தீர்மானித்தன. எண்முறை லூப்பர்களில் நாடாவின் இடத்தை நினைவகம் பெற்றது.

சுழற்சியின் நீளம்

பெடலை முதன்முறை அழுத்தும்போது பதிவு தொடங்குகின்றது. இரண்டாம் முறை அழுத்தும் கணமே சுழற்சியின் நீளத்தை நிர்ணயிக்கின்றது. நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட வேகத்தில், 16 தட்டுகளுக்கு 8 நொடிகள் ஆகும். பெடலை 0.1 நொடி தாமதமாக அழுத்தினால், ஒவ்வொரு சுற்றும் 8.1 நொடிகளாகிவிடும். உடன் வாசிக்கும் டிரம்ஸ் கலைஞர் சரியான வேகத்திலேயே வாசித்தால், பத்தாவது சுற்றின் முடிவில் லூப்பர் 1 நொடி, அதாவது இரண்டு தட்டுகள், பின்தங்கியிருக்கும். இதனால் சில லூப்பர்கள் தாளக்கணிப்பியின் தட்டுக்கு ஏற்ப நீளத்தைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

மிகக்கூடிய நீளம் நினைவகத்தைப் பொறுத்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள் என்ற அளவில், ஒற்றைத்தட ஒலிக்கு நொடிக்கு 88,200 பைட்டுகள் தேவை. ஒரு நிமிடத்திற்கு இது ஏறத்தாழ 5.3 மெகாபைட்டு ஆகும்.

மேற்பதிவு

ஓவர்டப் எனப்படும் மேற்பதிவின்போது, கருவி நினைவகத்திலுள்ள ஒவ்வொரு மாதிரியையும் படித்து, புதிய ஒலியின் மாதிரியை அதனுடன் கூட்டி, விடையை அதே இடத்தில் எழுதுகின்றது. ஆகவே எத்தனை அடுக்குகள் சேர்ந்தாலும் சுழற்சிக்குத் தேவைப்படும் நினைவகம் கூடுவதில்லை. ஆனால் கலந்த அடுக்குகளைப் பின்னர் தனித்தனியே பிரிக்க இயலாது. இறுதி அடுக்கை நீக்கும் வசதியுள்ள லூப்பர்கள், அதற்கெனக் கூடுதல் நினைவகத்தை ஒதுக்குகின்றன.

அடுக்குகள் பெருகும்போது கூட்டுத்தொகை கருவியின் உச்ச வரம்பைத் தாண்டினால் ஒலி சிதையும். இதனைத் தவிர்க்கச் சில லூப்பர்களில் பழைய ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைக்க முடியும். சுற்றுக்கு 80 விழுக்காடு வீச்சு மட்டும் தக்கவைக்கப்பட்டால், மூன்று சுற்றுகளில் அது ஏறத்தாழப் பாதியாகவும், பத்துச் சுற்றுகளில் 11 விழுக்காடாகவும் குறையும்.

மேற்பதிவில் நேரும் தாளப்பிழை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒலிக்குமேயன்றி வளர்வதில்லை. நீளத்தில் நேரும் பிழையோ சுற்றுக்குச் சுற்று வளரும். எனவே லூப்பர் பயில்வோர் முதலில் பழக வேண்டியது, இரண்டாம் அழுத்தத்தைத் தட்டின்மீது சரியாக வைப்பதே ஆகும்.