வெந்நீர் கெட்டில் சொல்லும் சேதி

பிள்ளைகள் வெளிநாட்டில், கிராமத்தில் உம்மா தனியாக. போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்பார்கள். தனிமையைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது.

ஜப்பானின் ஜோஜிருஷி நிறுவனம் 2001-இல் இதற்கு ஒரு வழி கண்டது. பெரியவர்கள் தேநீருக்கு வெந்நீர் எடுக்கும் கெட்டிலே, அதைப் பயன்படுத்திய நேரங்களைப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கும். கேமரா கிடையாது. காலையில் இயங்கும் கெட்டில் மதியம்வரை தொடப்படாவிட்டால், உடனே விசாரிக்கலாம்.

ஆனால் கருவி காட்டுவது பழக்கத்தில் வந்த மாற்றத்தை மட்டுமே. காரணம் காய்ச்சலா, மனச்சோர்வா என்பதை ஆள்தான் கேட்டறிய வேண்டும். பெரியவர்களின் சம்மதமின்றி எந்தக் கருவியையும் வைக்கக் கூடாது.

கருவி இல்லாவிட்டாலும், உம்மாவின் பேச்சு குறைகிறதா, சாப்பாட்டு நேரம் மாறுகிறதா எனக் கவனிப்போம். பக்கத்து வீட்டார் எண்ணையும் வைத்திருப்போம். முதியோருக்கான இலவச உதவி எண்: 14567.