சுழலும் உருளைக்குள் இத்தனை கணக்கா? தெரியுமா உங்களுக்கு?

திருகோணமலை பஸ் நிலையத்தடியில் லொத்தர் பலகை இல்லாத நாள் உண்டா? வரிசை வரிசையாகக் கிளிப் போட்ட சீட்டுகள், கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றை உருவும் விரல்கள்! அதே விரல் இரவில் கைபேசியைத் தொட்டால் அங்கே இன்னொரு கடை விரிகிறது. பழங்கள் சுழல்கின்றன, மணி கிணுகிணுக்கிறது, “போனஸ்! இலவசச் சுழற்சி!” என்று எழுத்துகள் மின்னுகின்றன. இலங்கையின் கசினோக்கள் கொழும்பில்தான் இருக்கின்றன. ஸ்லொட் மெஷினோ கிண்ணியா, மூதூர் வரைக்கும் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? கேட்டால் அசந்துபோவீர்கள்!

நாட்டு மக்கள்தொகையை மிஞ்சும் எண், தெரியுமா?

முதலில் நமக்குப் பழகிய சீட்டிலேயே தொடங்குவோம். தேசிய லொத்தர் சபையின் மகாஜன சம்பத சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். எழுத்துக்கு 26 வாய்ப்பு. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 0 முதல் 9 வரை 10 வாய்ப்பு. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 60 இலட்சம்! 2024 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மொத்த மக்கள்தொகைகூட 2 கோடியே 20 இலட்சத்தை எட்டவில்லை. இந்தத் தீவில் உள்ள கைக்குழந்தை வரை எல்லோரும் ஆளுக்கொரு வெவ்வேறு சீட்டு வாங்கினாலும் முதல் பரிசு யாருக்கும் விழாமல் போகலாம்!

திருகோணமலை மாவட்டத்து மக்களை 4 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு 40 ரூபாப்படி மாவட்டமே சேர்ந்து 1 கோடியே 60 இலட்சம் ரூபாவுக்குச் சீட்டு வாங்குகிறது. அப்போதும் பெரிய பரிசு மாவட்டத்துக்கு வரும் வாய்ப்பு 65இல் ஒன்றுதான்.

முதல் மெஷினில் 1,000 வழிகள்தான், தெரியுமா?

1890களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே என்ற மெக்கானிக் ‘லிபர்ட்டி பெல்’ மெஷினைச் செய்தார். மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் 10 நிலைகள். 10 × 10 × 10 = 1,000, அவ்வளவுதான்! மூன்று மணிச் சின்னங்கள் ஒரே வரிசையில் நின்றால் உச்சப் பரிசு 50 சதம். பென்சிலும் துண்டுக் கடதாசியும் இருந்தால் வாய்ப்பை யாரும் கணித்துவிடலாம்.

பழப் படங்கள் எதற்கு வந்தன, தெரியுமா?

செரியும் எலுமிச்சையும் சூயிங் கம் விற்க வந்தவை! சூதாட்டத்துக்குத் தடை இருந்த காலத்தில் மெஷின்கள் காசுக்குப் பதில் பழச்சுவை கம் கொடுத்தன. சுவையின் படம் உருளையில் ஏறியது. இன்றும் திரையில் ‘பார்’ என்று கறுப்புப் பட்டையாகத் தெரிகிற சின்னம் ஒரு கம் நிறுவனத்தின் அடையாளத்திலிருந்து வந்தது.

உருளை நிற்கும் இடத்தை உருளை தீர்மானிப்பதில்லை, தெரியுமா?

இதுதான் தலை சுற்ற வைக்கும் விஷயம்! 1984இல் டெல்னேஸ் என்பவர் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். நீங்கள் பொத்தானை அழுத்திய கணத்திலேயே உள்ளிருக்கும் மின்சுற்று தற்செயல் எண்களை எடுத்துவிடுகிறது. முடிவு அங்கேயே முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு சுழல்வதெல்லாம் அந்த முடிவைக் காட்டும் காட்சி!

கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிலைகள் என்று வைப்போம். மூன்று உருளைக்கு 10,648 வழிகள். மின்சுற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உருளைக்கு 64 நிலைகள் கொடுத்தால்? 2,62,144 வழிகள்! ஜாக்பொட் சின்னத்துக்கு அந்த 64இல் ஒரே ஓர் இடம். அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல இடங்கள். அதனால்தான் ஜாக்பொட் சின்னம் ஒரு மயிரிழையில் தப்பியதுபோல் அடிக்கடி வந்து நிற்கிறது. 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். இந்த ‘மயிரிழை’ தோல்வியின்போதும், வெல்லும்போது தூண்டப்படும் பகுதிகள் தூண்டப்பட்டன!

மெஷினுக்கு ஞாபகமே கிடையாது, தெரியுமா?

“இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழத்தான் வேண்டும்” என்பார்கள். அடுத்த சுழற்சிக்கு முந்தைய சுழற்சியைத் தெரியவே தெரியாது! லொத்தரும் அப்படித்தான். நேற்று வந்த எண் இன்று வரும் வாய்ப்பும், வருடக்கணக்காக வராத எண்ணின் வாய்ப்பும் இம்மியும் மாறாமல் ஒன்றே.

வென்றேன் என்று நினைக்கும்போதே தோற்கலாம், தெரியுமா?

இன்றைய திரை மெஷினில் ஐந்து பத்திகள், மூன்று வரிசைகள். இடமிருந்து வலமாக, பத்திக்கு ஒரு கட்டமாகத் தொட்டுச் செல்ல 3 × 3 × 3 × 3 × 3 = 243 பாதைகள் உண்டு. இவற்றில் பரிசு தரும் பாதைகளைத்தான் ‘பேலைன்’ என்கிறார்கள். 20 லைன், லைனுக்கு 5 ரூபா என்று ஆடினால் ஓர் அழுத்தலுக்கு 100 ரூபா போகிறது. ஒரு லைனில் 30 ரூபா விழுகிறது. உடனே விளக்கு, இசை, பொற்காசு மழை! கையிலிருந்து 70 ரூபா போனதற்குத்தான் அத்தனை கொண்டாட்டம்! கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் கண்டது இன்னும் வியப்பு: இப்படி வெற்றி வேடமிட்ட தோல்விக்கும் உடல் உண்மையான வெற்றிக்குப் போலவே சிலிர்க்கிறது.

மெஷின் 95 வீதம் திருப்பித் தரும் என்றால் என்ன பொருள், தெரியுமா?

கொண்டுபோன 100 ரூபாவில் 95 ரூபா வீடு வரும் என்று பொருள் இல்லவே இல்லை! ஒவ்வொரு சுழற்சியிலும் சராசரியாக 5 வீதம் கழிகிறது. ஆறு செக்கனுக்கு ஒரு சுழற்சி என்றால் மணிக்கு 600. சுழற்சிக்கு 100 ரூபா வீதம் 60,000 ரூபா பந்தயத்தில் புரள்கிறது. அதில் 5 வீதம், மணிக்கு 3,000 ரூபா, சராசரி இழப்பு! லொத்தர் சீட்டிழுப்புக்கு இரவு வரை காத்திருக்க வேண்டும். இங்கே காத்திருப்பே இல்லை. வேகம்தான் இதன் உண்மையான விலை.

போனஸுக்கும் விலை உண்டு, தெரியுமா?

“10,000 ரூபா போனஸ், 35 மடங்கு ஆடியபின் எடுக்கலாம்” என்று ஒரு நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 மடங்கு என்றால் 3,50,000 ரூபாவுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். அதில் 5 வீதம் 17,500 ரூபா! 10,000 ரூபா இனாமை அடைய எதிர்பார்க்கும் இழப்பு 17,500 ரூபா. அந்தப் பொடி எழுத்தை விரலால் பெரிதாக்கி ஒருமுறை வாசியுங்கள்.

உலகின் மிகப் பெரிய ஸ்லொட் பரிசுகளில் ஒன்று எவ்வளவு, தெரியுமா?

2003 மார்ச்சில் லாஸ் வேகஸில் ‘மெகாபக்ஸ்’ மெஷின் ஒருவருக்கு 3 கோடியே 97 இலட்சம் டொலரைக் கொட்டியது! ஆனால் அது அந்த ஒரு மெஷினின் காசு அல்ல. பல கசினோக்களின் மெஷின்களை இணைத்து, ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு துளியைக் கிள்ளிச் சேர்த்த தொகை. அது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 5 கோடியில் ஒன்று. இலங்கையைப் போல் இரண்டு இலங்கைகளை அடுக்கினாலும் அத்தனை ஆட்கள் தேற மாட்டார்கள்!

தோற்ற காசு எங்கே போகிறது, தெரியுமா?

அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் பங்கு போகிறது. விழாத சீட்டு ஒன்று எங்கோ ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்காவது உதவுகிறது. கைபேசியில் முகவரியே இல்லாத தளத்துக்குப் போகும் காசில் அந்த ஆறுதல்கூட இல்லை. 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தின் நிழலில் இருந்த இலங்கையில், 2025இல்தான் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தத் தனி அதிகார சபைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

நளனை மீட்டதும் கணக்குத்தான், தெரியுமா?

சூதில் நாடிழந்து காடேகிய நளன் கதையை அறியாத தமிழர் யார்? அவன் மீண்ட வழிதான் அற்புதம்! தேரோட்டியாக இருந்தபோது, இருதுபன்ன மன்னன் ஒரு தான்றி மரத்தை ஓடும் தேரிலிருந்தே பார்த்து இலையும் காயும் இத்தனை என்றான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தது! அவனிடம் அந்த எண் வித்தையைக் கற்ற பிறகே நளன் புட்கரனை வென்றான். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கதையை எடுத்துக்காட்டுகிறார். தான்றிக்காயே அக்காலத்தில் தாயக்கட்டையாகவும் உருண்டது!

ஆனால் நளனுக்கு எதிரே இருந்தவன் மனிதன், அவனும் தோற்கக்கூடியவன். மெஷினின் எதிரே நாம் எவ்வளவு கணக்குக் கற்றாலும் அந்த 5 வீதம் அதன் பக்கமே இருக்கும்படி முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கல்களைச் சொல்லிக் கொடுங்கள்: 26ஐ ஆறு முறை 10ஆல் பெருக்குவது, 3ஐ ஐந்து முறை பெருக்குவது, போனஸை 35ஆல் பெருக்குவது. வீட்டில் யாராவது விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடன் வாங்கத் தொடங்கியிருந்தால், ஏசாமல் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கு 3,000 ரூபாக் கணக்கை ஒரு கடதாசியில் அவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் நம் பக்கம் சாயும் ஒரே கணக்கு, அடுத்த பொத்தானை அழுத்தாமல் விடுவதுதான்!