நொண்டும் நாய்க்கு நம் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

''எங்கள் வீட்டுக் காவல் நாய் மீது பைக் மோதிவிட்டது. இரண்டு நாளாகப் பின்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. எனக்கு இடுப்பு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை மீதம் இருக்கிறது. அதைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?'' என்று திருவந்திபுரத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. ஐபுபுரூஃபனும் கூடாது.

அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது, உடலில் சுரக்கும் 'புரோஸ்டாகிளான்டின்' என்ற பொருள். வலி மாத்திரைகள் அதன் சுரப்பைத் தடுக்கின்றன. ஆனால், இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே பொருள்தான். இந்த மாத்திரைகளால் நாயின் குடல் புண்ணாகி, ரத்தம் கசியும்; சிறுநீரகமும் கெடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால்தான் 2006-ம் ஆண்டு கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை இந்தியா தடை செய்தது.

நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது மெலாக்சிகம். இது மனிதர்களுக்கும் வருகிறது. 'அதே மருந்துதானே' என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பதில்தான் ஆபத்து. நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லி கிராம், அடுத்த நாளிலிருந்து 0.1 மில்லி கிராம். 10 கிலோ நாய் என்றால் முதல் நாள் 2, பிறகு தினம் 1 மில்லி கிராம். மனிதர்களுக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லி கிராம். பெரிய மாத்திரை ஒன்றை விழுங்கினால், 15 நாள் மருந்து ஒரே வேளையில் உள்ளே போகிறது.

சரியான அளவிலும்கூட, தீனி கொடுத்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடல் புண் வரும் ஆபத்து மிக அதிகம். சினை நாய், பால் கொடுக்கும் நாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ மருந்தை உடனே நிறுத்துங்கள்.

நாய் நொண்டுவதெல்லாம் அடிபட்டதால்தான் என்றும் இல்லை. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நொண்டும். அப்போது ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். வலி மாத்திரை ரத்தக்கசிவை இன்னும் அதிகமாக்கிவிடும்.

திருவந்திபுரம் வாசகர் இப்போதே செய்ய வேண்டியது: நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஈறு சிவப்பாக இருந்தாலும், இரண்டு நாளாகக் கால் ஊன்றாததால் எலும்பு முறிவு இருக்கலாம். ஓடவிடாமல் கட்டிப்போட்டு, நாளைக்குள் காட்டிவிடுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். வாயைத் துணியால் கட்டிய பிறகு தூக்குங்கள்.